பாறைக்கு வடபுறம்

நேற்று திருக்கழுக்குன்றம் சன்னதித் தெருவில் என் மொபெட்டின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, காயட்டும் என்று வாயால் ஊதினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. மணி பதினொன்று, நல்ல வெயில். "இன்னா சாமி, ஒடம்பு சரியில்லியா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

கடலில் முங்கும்போது நீ மாட்டுகிற முகக் கண்ணாடியில் அடித்த வாடை அதுதான். மாமல்லபுரத்துக்கு வந்த யாரோ வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கண்ணாடி. இடது பக்கம் விரிசல். அதன் மேல் சைக்கிள் ட்யூபை வெட்டி, சொல்யூஷன் வைத்து ஒட்டியிருந்தாய். கடலுக்குள் இறங்குமுன் அதில் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவுவாய். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் குமட்டிற்று. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு தரம் துப்பினாய்.

வருகிற ஆடி வந்தால் நீ போய் இரண்டு வருஷம். கடலுக்கடியில் காது கிழிந்தும் சாகாதவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சுச் சளியோடு போனாய். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. பதிமூன்று வருஷம் உன் வீட்டுக்கு வந்து போயும் சொல்லவில்லை. ஆள் போன பிறகு காகிதத்தில் சொல்கிறேன். இதற்குக் கோழைத்தனம் என்றுதான் பெயர், நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த மாசி மகத்தன்று எனக்கு இருபத்தாறு வயது. அப்பாவுக்குக் கைகால் விழுந்து எட்டு மாதமாகியிருந்தது. செங்கல்பட்டு வீட்டில் கட்டிலோடு கிடந்தார். அவர் பூஜை செய்த கோயிலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் என் பேருக்கு மாறவில்லை. போதாததற்கு, அந்த வருஷம் எங்கேயோ ஒரு கோயிலில் சிலை காணாமல் போய், முதலில் குருக்களைத்தான் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள் என்று எங்கள் பக்கமெல்லாம் பேச்சாக இருந்தது.

எங்கள் சுவாமி வருஷத்தில் ஒரு நாள் தீர்த்தவாரிக்கு உங்கள் குப்பத்துக் கரைக்கு வருவார். பெரிய மூர்த்தி பல்லக்கிலேயே இருப்பார். கடலில் முழுக்குப் போடுவது அஸ்திரதேவர். ஒன்றரைச் சாண் உயரத்தில் ஐம்பொன் சூலம், நடுவில் சுவாமியின் உருவம். அவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குருக்கள் மூன்று முறை முங்க வேண்டும். அவர் முங்கிய பிறகுதான் கரையில் நிற்கிற ஜனம் முங்கும். காலை ஒன்பது மணிக்கு, பௌர்ணமி ஓதம் மேலேறி நின்ற நேரத்தில், நானும் முங்கினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

கரையேறும்போது கூட்டம் நெருக்கியது. அந்த நெரிசலில் ஒரு கை நீண்டு வந்து சூலத்தைத் தொட்டது. தொட்ட கை அப்படியே போய் வயிற்றில் ஒற்றிக்கொண்டது. ஏழு மாத வயிறு. அது அஞ்சலை, உன் மனைவி. அவள் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் மட்டும் தெரிந்தது.

என் மாமாவும் அதைப் பார்த்துவிட்டார். அம்மாவின் தம்பி, பூஜைக்குக் கூடமாட உதவும் பரிசாரகராக என்னோடு வந்திருந்தவர். காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்: "தொட்டுட்டாடா. இப்படியே பல்லக்கில ஏத்தப்படாது. பாறைக்கு அந்தப் பக்கம் ஈ காக்கா இல்லை. சத்தம் போடாம போய் இன்னொரு முழுக்குப் போட்டுண்டு வந்துடு."

இதுதான் நான் உன்னிடம் சொல்லாதது. உன் மனைவியின் கை பட்டதைக் கழுவத்தான் பாறைக்கு வடக்கே போனேன். முடியாது மாமா என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவே இல்லை. மடி என்றால் மடி, அப்படியே வளர்ந்தவன். ஜனமெல்லாம் முழுக்கில் இருந்தபோது சூலத்தை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு, கரும்பாறையை மேல்பக்கமாகச் சுற்றி, சவுக்குத் தோப்பு ஓரமாக அந்தப் பக்கம் இறங்கினோம்.

பாறையை ஒட்டிப் பள்ளம் இருப்பதும், தண்ணீர் அங்கே கடலைப் பார்த்து இழுப்பதும் உங்கள் ஊரில் தவழ்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். வேதம் படித்த எனக்குத் தெரியாது. இடுப்பளவு என்று நினைத்து ஓரடி வைத்தேன், மார்புக்கு வந்தது. முங்கினேன். காலுக்கடியில் மணல் கரைந்தது. முதுகில் அலை விழுந்தது. துண்டு கழுத்தில் சுற்றிக்கொண்டது, அதைப் பிடுங்க ஒரு கையை விட்டேன். இன்னொரு கை பாறையைத் தேடிற்று. பாறை கிடைத்தபோது இரண்டு கையும் காலியாக இருந்தன.

மாமா என் வேட்டியைப் பற்றிக் கரையில் இழுத்துப் போட்டார். முழங்காலில் ரத்தம். திரும்ப இறங்கப் போனேன், விடவில்லை. பல்லக்குப் பக்கம் வந்து சேர்ந்தபோது நாகஸ்வரம் நின்றிருந்தது. "அஸ்திரதேவர் எங்கே?" என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "இந்த ஜனங்க நெருக்கின நெருக்குல கையை விட்டுப் போயிடுத்தே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் நிர்வாக அதிகாரி ஜீப்பில் வந்தார். சூலம் பதிவேட்டில் இருக்கிறது, நாளை சாயங்காலத்துக்குள் கிடைக்கவில்லையென்றால் போலீஸில் புகார் கொடுத்தாக வேண்டும் என்றார். தண்ணீரில் நழுவியதா, கூட்டத்தில் யாராவது பறித்தார்களா என்று கேட்டார். பக்கத்தில் யார் நின்றது என்றும் கேட்டார். மாமா விரலை நீட்டி அஞ்சலையைக் காட்டினார். "தொட்டது அவதான். நான் கண்ணால பார்த்தேன்."

உங்கள் ஊர்த் தலைவர் நாட்டார் கோபத்தில் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க ஜனம் சாமிய திருடாது. எங்க ஆளு முங்கி எடுப்பான். தண்ணி வத்தட்டும்" என்றார். அப்போதுதான் நீ வந்தாய். ஒல்லி உடம்பு, கால்சட்டை, இடுப்பில் ஆழிச் சிப்பி பெயர்க்கிற உளி. பாறையில் ஆழியும் சிங்கி எறாலும் எடுக்கிறவன். படகிலிருந்து விழுந்த நங்கூரமானாலும் சரி, குளிக்கப் போய் மாட்டிய சுற்றுலாக்காரன் உடம்பானாலும் சரி, உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னார்கள். ஒரு காது கேட்காது என்றும் சொன்னார்கள். நீ அஞ்சலையை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாய்.

"இன்னா ஐயரே, எந்தாண்ட வுட்ட? கையக் காட்டு."

ஐயர் இல்லை, குருக்கள் என்று திருத்துகிற வழக்கம் எனக்கு உண்டு. அன்று திருத்தவில்லை. கையை நீட்டி, குப்பத்துக்கு நேர் எதிரே இருந்த கடலைக் காட்டினேன். மாமா சொன்னது வாய்ப் பொய். அதை உறுதிப்படுத்திக் காட்டியது என் கை.

தண்ணீர் வற்றியதும் குப்பத்து ஆம்பிளைகள் வரிசையாக முட்டிபோட்டு ஆழமில்லாத இடத்து மணலைத் துழாவினார்கள். ஒன்றும் இல்லை. "திரும்புற அலை இஸ்துகினு போயி பள்ளத்துல உருட்டியிருக்கும்" என்றாய். அலை உடைகிற இடத்துக்கு அப்பால் இரண்டாள் ஆழம். இடுப்பில் நைலான் கயிறு கட்டிக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்தாய். "உன் சாமி. நீயே புடி."

"ஒரு தபா இஸ்தேன்னா கயிறு வுடு. ரெண்டு தபா இஸ்தேன்னா தூக்கு. வாட்ச் கீதா?"

தண்ணீரில் நின்றுவிட்டது என்றேன். அர்ச்சனைக்கு நூற்றெட்டு நாமம் சொல்வேன், அதை வைத்து எண்ணலாம் என்றேன்.

"அதுல பாதி வர்ற வரைக்கும் பாரு. பாதி தாண்டிச்சுன்னா யாரையும் கேக்காத, இஸ்து."

முதல் முங்கலில் ஐம்பத்து நாலாவது நாமத்தில் இழுத்தேன். தலையை வெளியே நீட்டி என்னை முறைத்தாய். "இன்னா ஐயரே, ரயிலு புடிக்கப் போறியா? இப்பத்தான் தரையத் தொட்டேன்!" கரையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பயத்தில் நாமங்கள் ஓடியிருக்கின்றன, எனக்கே தெரியவில்லை. அடுத்த முங்கலிலிருந்து ஒவ்வொரு நாமத்துக்கும் மூச்சு விட்டுச் சொன்னேன். அவ்வளவு நிதானமாக நான் கோயிலில் ஒரு நாளும் அர்ச்சனை செய்ததில்லை.

எத்தனை தரம் முங்கினாய் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் உதடு இன்னும் கொஞ்சம் கறுத்து வந்தது. மூன்று நாளாக வாடைப் பக்கமிருந்து நீரோட்டம், அதனால் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. "மேல வெயிலு காயுது, கீழ ஐஸ் பொட்டியாட்டம் கீது" என்று பல் கிட்டிக்கச் சொன்னாய். கரைக்கு வந்து, மணலில் குப்புறப் படுத்து வெயில் காய்ந்து, அஞ்சலை கொடுத்த கறுப்பு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பவும் இறங்கினாய். ஓதம் ஏறத் தொடங்கியபோது கயிற்றை அவிழ்த்தாய்.

"வெயிட்டு எத்தினி?"

"ரெண்டு கிலோவுக்கு மேலே."

"அப்பன்னா ரொம்ப தூரம் போவாதே." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். "நல்லா யோசன பண்ணிச் சொல்லு. இதே எடந்தானே?"

"ஆமாம்" என்றேன்.

அஸ்திரதேவர் இல்லாமல் சுவாமி திரும்பக்கூடாது என்று பல்லக்கைக் கரைப் பந்தலிலேயே நிறுத்திக் காவல் போட்டார்கள். அன்று செங்கல்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் மாமா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "இப்ப மாத்திச் சொன்னா, ஏன் அங்கே போனேன்னு கேப்பா. சொல்லுவியா? வேலை போறது இருக்கட்டும், உங்கப்பா பேரே கெட்டுடும்." வீட்டில் அப்பா ஒரு பக்க வாயால் "கெடச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்துவிட்டேன். அவருடைய கோயில், அவருடைய பேர், அதற்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நிஜம். மீதி பாதி, ஏன் போனாய் என்ற கேள்விக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்கிற வெட்கம்.

மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது ஏட்டு ஒருவர் வந்திருந்தார். புகார் எழுதுமுன் சும்மா விசாரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே உங்கள் வீட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்திருந்தார்கள். அஞ்சலையை வலைக் கொட்டகையில் ஒரு பெட்டி மேல் உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வாயும் வயிறுமாக இருந்தவள், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்தாள். நீ சிதறிக் கிடந்த அரிசியை மிதிக்காமல் தாண்டி வந்து, கயிற்றை என் கையில் திணித்தாய். 

அன்று தண்ணீர் கலங்கல். முதல் நாளைவிடத் தள்ளிப் போய் முங்கினாய். அங்கே அறுந்து மூழ்கிய பழைய வலையெல்லாம் பாறையில் சிக்கிக் கிடக்கும் என்று நாட்டார் கத்தினார். உனக்குக் கேட்கவில்லையோ, கேட்காத காதைக் கொடுத்தாயோ தெரியாது. நான் நாமத்தை எண்ணினேன். உன்னிடம் இன்னொரு தரம் திட்டு வாங்கக்கூடாது என்று நிதானமாக எண்ணினேன். நாற்பது. ஐம்பது. ஐம்பத்து நாலு. இழுத்தேன். கயிறு விறைத்தது, வரவில்லை.

"தூக்குங்க!" என்று கத்தினேன். நாலு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். இழுக்க இழுக்கக் கயிறு இறுகியதே தவிர ஓரங்குலம் நகரவில்லை. இடுப்பில் முடிச்சு எப்படி இறுகியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது, அதற்குள் நாலு பேரும் இன்னொரு முறை இழுத்துவிட்டார்கள். எழுபது. என் வாய் பாட்டுக்கு நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எண்பது. கொட்டகையிலிருந்து அஞ்சலை எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்து வந்தாள். ஏட்டு தடுக்கவில்லை. தொண்ணூறைத் தாண்டியபோது கயிறு சட்டென்று லேசாயிற்று. நாங்கள் மல்லாக்க விழுந்தோம். கயிறு முழுக்க வந்தது. முனையில் நீ இல்லை.

அந்த முனையை இப்போதும் கண்ணால் பார்க்கிறேன். உளியால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தது. அதைப் பார்த்து அஞ்சலை போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. இவன் செத்தால் நான் கொன்றேன் என்று நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை. அப்பாவையும் நினைக்கவில்லை.

இருபது கஜம் தள்ளி உன் தலை எழும்பிற்று. இரண்டு பேர் நீந்திப் போய் இழுத்து வந்தார்கள். மூக்கிலும் நல்ல காதிலும் ரத்தம். இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம். மணலில் கிடந்து கடலைக் கக்கினாய். கண்ணைத் திறந்ததும் நீ சொன்னது, "இன்னும் ஒரே ஒரு தபா. சாயங்காலம் ஆவுறதுக்குள்ள."

"இங்கே இல்லை" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்திச் சொன்னேன். "இங்கே இல்லை! பாறைக்கு வடக்கே. முழுக்கு முடிஞ்சப்புறம் நான் தனியா அங்கே போனேன். அங்கேதான் விட்டேன். இந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"பயத்துல உளர்றான்" என்றார் மாமா. யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னை அடிப்பாய் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ கையால் மூக்கைத் துடைத்து, கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாய். அஞ்சலையைப் பார்த்தாய். பிறகு எழுந்து, "நட" என்றாய்.

பாறையைச் சுற்றி நடக்கும்போது கேட்டாய். "எதுக்கு அந்தாண்ட போன?"

உண்மையைச் சொல்ல இரண்டாவது தருணம் அது. முதலாவதைவிட எளிது. நீ மட்டும்தான் பக்கத்தில் இருந்தாய். "கூட்டம்" என்றேன். "கூட்டமா இருந்தது." நீ தலையாட்டினாய்.

வடபுறத்தில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. "நின்ன எடத்துல போயி நில்லு" என்றாய். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். "உன்ன யாரு நீந்தச் சொன்னா? நிக்கத்தான சொன்னேன். நீதான் அடையாளம். ஆடாத." என் தோளைப் பிடித்து நீயே கொண்டுபோய் நிறுத்தினாய். மார்பளவு தண்ணீர். வலது பக்கம் பாறை, அதை ஒட்டிக் கால் வழியே ஓடுகிற இழுப்பு. முதல் நாள் நான் விழுந்த அதே இடம். 

நீ என் காலடியில் முங்கினாய். கயிறு இல்லை. என் கணுக்காலைத்தான் பிடித்துக்கொண்டாய். ஒரு கையால் காலைப் பிடித்தபடி மறு கையால் மணலைத் துழாவினாய். மேலே வந்து மூச்சு வாங்கி, திரும்ப முங்கி, திரும்பக் கணுக்கால். உன் விரல் பட்டாலே எலும்பு குளிரும். அலை வரும்போது என் தலைக்கு மேல் போகும். நான் பாறையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் நகர்ந்துவிடுவேன், இடம் மாறிவிடும். இந்தத் தடவை சரியாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நாமம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஒன்று, இரண்டு என்று வெறும் எண்ணைத்தான் எண்ணினேன்.

ஏழாவதோ எட்டாவதோ முங்கலில் என் காலை விட்டுவிட்டாய். முப்பதுவரை எண்ணினேன். கை திரும்பி வரவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்போது ஆடுசதையில் ஊசி மாதிரி எதுவோ குத்திற்று. குனிந்து பிடித்தேன். சூலத்தின் நடு முனை. நீ கீழிருந்து நீட்டிக்கொண்டிருந்தாய்.

மேலே வந்து பாறையில் சாய்ந்துகொண்டு நீ சிரித்தாய். எனக்கு அழுகை நிற்கவில்லை. சூலத்தைத் துண்டில் சுற்றப் போனேன். "சுத்தாத" என்றாய். "எம்பொண்டாட்டி கையில குடு. அவ தூக்கினு போயி பல்லக்கில வைக்கட்டும். அத்தினி பேரும் பாக்கட்டும்."

மாமா பாறை மேல் நின்றுகொண்டிருந்தார். வேண்டாமென்று கையைக் காட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய் அஞ்சலையிடம் கொடுத்தேன். அவள் வாங்கத் தயங்கினாள், "எடும்மா" என்றேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகிற முகத்தோடு, குப்பம் முழுக்கப் பார்க்க நடந்து போனாள். ஏட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

இதோடு முடித்தால் நான் நல்லவனாகிவிடுவேன். முடிக்க முடியாது. அன்று சாயங்காலம் கோயிலுக்குத் திரும்பியதும் அஸ்திரதேவருக்குச் சம்ப்ரோக்ஷணம் செய்தேன். மாமா எல்லாவற்றையும் எடுத்து வைத்தார், நான் மந்திரம் சொன்னேன். கலசத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். செய்யாவிட்டால் அப்பா செத்துப்போவார் என்று பயம். பழக்கம் என்றும் சொல்லலாம். நீ கரையில் சுருண்டு படுத்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் உன் கையையும் அவள் கையையும் கழுவிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். ஒரு வருஷம் கழித்து வேலை என் பேருக்கு வந்தது. நான் உங்கள் வீட்டுக்கு வரப்போக இருக்கத் தொடங்கினேன். உன் இரண்டாவது காதும் அந்தக் கயிற்றை அறுத்த முங்கலோடு மந்தமாகிவிட்டது, அதனால் கத்திக் கத்திப் பேசுவோம். உன் பெண்ணுக்குப் பெயர் வைக்க நட்சத்திரம் பார்த்துக் கொடுத்தேன். சுனாமி வந்த வாரம் உன் வீடு இருந்த இடத்தில் நின்று நீ அழுததைப் பார்த்தேன். புது வீட்டுக்குக் குடிபோனபோது கணபதி ஹோமம் நான்தான் செய்தேன். எப்போது வந்தாலும் அஞ்சலை ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். "குட்ச்சிட்டு போ ஐயரே, வெயிலு" என்பாய். குடிப்பேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் சொல்ல நினைத்தேன். கத்திச் சொன்னால்தான் உனக்குக் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. சொல்லாமலேயே வந்துவிட்டேன்.

நேற்று பஞ்சர் ஒட்டியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியைக் கிழக்கே திருப்பினேன். அஞ்சலை வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். அவள் சூலத்தைத் தொட்டது, மாமா சொன்னது, நான் பாறைக்கு வடக்கே போனது எதற்கு, எல்லாம் சொன்னேன். கழுவினதையும் சொன்னேன். அவள் கருவாட்டைத் திருப்பிப் போடுவதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நிமிர்ந்தாள்.

"இத்தினி வருசமா எங்கையால மோரு வாங்கிக் குட்ச்சியே. அப்பல்லாம் இன்னா பண்ண? வூட்டுக்குப் போயி குளிச்சியா?"

நீ கேட்டிருந்தால் இன்னொரு பொய்யும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவளிடம் சொல்ல முடியவில்லை.

"முதல் வருஷம் குளிச்சேன்" என்றேன்.

"அப்பறம்?"

"அப்பறம் இல்லை."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சொம்போடு வந்தாள். கையில் கொடுக்கவில்லை. என் காலுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, கருவாட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் குனிந்து எடுத்துக் குடித்தேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, இல்லை அன்றைக்கு அந்தத் தண்ணீரிலேயே என்னை நிற்க விட்டுவிட்டுப் போயிருப்பாயா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இனி வழியில்லை. அடுத்த வாரமும் போவேன். மறுபடி கையில் கொடுக்கிறவரைக்கும் அவள் எங்கே வைக்கிறாளோ அங்கேயிருந்து எடுத்துக் குடிப்பேன். கொடுக்காமலே போனாலும் போவேன்.